இன்னும் மலையேறாத காலம்

பெண்ணின் கூலி கைச்செலவுக்கு, ஆணின் கூலிதான் குடும்பத்துக்கு என்ற கணக்கு விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் சட்டமாகவும் ஒழுக்கமாகவும் உருவெடுத்தது. அங்கே அது செல்லாக்காசாகிவிட்டது. இடுக்கியின் ஏலமலைகளில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே கம்பம், கூடலூர் தெருக்களில் ஜீப்புகள் வந்து நின்றுவிடுகின்றன. கையில் தூக்குவாளி, தோளில் பிளாஸ்டிக் விரிப்பு, சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. பெண்கள் ஒருவர் மடிமேல் ஒருவராக நெருக்கியடித்து உட்கார, வண்டி கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி மலைச்சாலை வழியாகவோ கேரளத்துக்குள் நுழைகிறது. அணக்கரை, சக்குபள்ளம், வண்டன்மேடு என்று வழிநெடுக ஏலத்தோட்டங்கள். ஆங்காங்கே இறங்கிக்கொள்ளும் பெண்கள் சாயங்காலம் அதே ஜீப்பில் மலையிறங்கி, வீட்டுக்குப் போய் உலை வைக்கிறார்கள்.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் பிடிப்பது அடியில்தான். தரையோடு படர்ந்த சரங்களில், முற்றிய காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். பிஞ்சைக் கிள்ளினால் நஷ்டம், பழுக்க விட்டால் வெடித்துவிடும். பருவம் தொடங்கிவிட்டால் மாதக்கணக்கில் குனிந்த முதுகு நிமிராது. காய் எடுப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. மருந்தடிப்பதும் குழி வெட்டுவதும் நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழிப்பதும் ஆண்களின் வேலை. காய் எடுப்பதை ஏன் பெண்களிடம் விட்டீர்கள் என்று கேட்டால் மலை முழுக்க ஒரே பதில்தான்: அவர்களுக்குப் பொறுமை அதிகம், விரல் நளினம். பொறுமையும் நளினமும் பிறவிக் குணம் என்றாகிவிட்டால் அதற்குத் தனியாகக் கூலி தர வேண்டியதில்லை. ஒரு திறமையைக் குணமாக மாற்றிக் கூலியைக் குறைக்கும் இந்த வித்தை, சக்குபள்ளத்தில் முதல் ஏலச்செடி நடப்படுவதற்கு முன்பே இங்கிலாந்தில் நன்றாகப் பழகியிருந்தது.

சுரங்கத்தில் பிறந்த வெட்கம்

1842-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் ஓர் அறிக்கை வைக்கப்பட்டது. நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்யும் சிறுவர், சிறுமியர், பெண்கள் பற்றி விசாரித்த ஆணையத்தின் அறிக்கை அது. அதில் படங்கள் இருந்தன. இடுப்பில் வாரைக் கட்டி, சங்கிலியை இரண்டு கால்களுக்கு நடுவே விட்டு, நான்கு காலில் ஊர்ந்து கரிவண்டி இழுக்கும் பெண்கள். சூடு தாங்காமல் இடுப்புக்கு மேல் துணியில்லாமல் வேலை செய்யும் பெண்கள். லண்டன் கனவான்கள் அதிர்ந்துபோனார்கள்.

ஆனால் எதைக் கண்டு அதிர்ந்தார்கள் என்பதுதான் விஷயம். முதுகு ஒடியும் வேலையையும் நீண்ட வேலை நேரத்தையும்விட, அரை நிர்வாணமாக ஆண்களுக்கு நடுவே பெண்கள் நின்றதே அவர்களை அதிகம் உலுக்கியது. இப்படிப்பட்ட பெண்ணுக்கு நல்ல மனைவியாக இருக்கத் தெரியுமா, குழந்தைக்கு ஒழுக்கம் சொல்லித் தருவாளா என்று விவாதித்தார்கள். அதே ஆண்டு வந்த சட்டம், பெண்களும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களும் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்றது. மாற்று வேலை எது என்று சட்டம் சொல்லவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக ஆண் வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கிய பெண்களும் உண்டு.

சுரங்கத்துக்கு வெளியே கரி பொறுக்கிய விகன் பகுதிப் பெண்களையும் ஒழுக்கம் விட்டுவைக்கவில்லை. அவர்கள் வேலைக்கு வசதியாகக் கால்சட்டை போட்டதே குற்றமாகத் தெரிந்தது. அவர்களையும் தடை செய்யும் முயற்சி நடந்தபோது, 1887-ல் அந்தப் பெண்கள் லண்டனுக்கே போய் அமைச்சரிடம் முறையிட்டார்கள். அந்தத் தடை வரவில்லை.

இந்தியாவிலும் இதே கதை பின்னால் நடந்தது. சுரங்கத்தின் அடியில் பெண்கள் வேலை செய்வதை 1929-லிருந்து படிப்படியாகக் குறைத்து, பிறகு அடியோடு நிறுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு வந்ததும் 1943-ல் தடை நீங்கியது. போர் முடிந்து 1946-ல் மறுபடி தடை. கரி தேவைப்பட்டபோது ஒழுக்கம் வழிவிட்டது. தேவை தீர்ந்ததும் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

துரைசாணியும் கூலிக்காரியும்

விக்டோரியா காலத்து நடுத்தர வர்க்கம் உலகத்தை இரண்டாகப் பிரித்தது. வெளியுலகம் ஆணுக்கு, வீடு பெண்ணுக்கு. ஆண் கண்ணீர் விடக் கூடாது, பெண் கோபப்படக் கூடாது. மணமான பெண்ணுக்குச் சட்டப்படி தனி ஆளுமையே கிடையாது. அவள் சம்பாதித்த காசு கணவனுடையது. 1870-ல் வந்த சட்டம்தான் மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்கே என்றது. முழுச் சொத்துரிமைக்கு அவள் 1882 வரை காத்திருந்தாள். தொழிற்சங்கத் தலைவர்களும் சளைத்தவர்கள் அல்ல. மனைவிமார் வீட்டில் இருப்பதற்கேற்ற கூலியை ஆணுக்கு வாங்கித் தருவதே நமது கடமை என்று 1877-ல் தொழிற்சங்க மாநாட்டில் பேசினார்கள். 'குடும்பக் கூலி' என்ற இந்தக் கோரிக்கைக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. குடும்பத்தைக் காப்பாற்றுபவன் ஆண் என்றால், பெண் வாங்குவது உபரி. உபரியை எவ்வளவு குறைத்தாலும் கேட்பாரில்லை.

இந்த ஒழுக்கம் மலையேறி வந்தது அதே காலத்தில்தான். ஜான் டேனியல் மன்றோ 1877-ல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து மூணாறு மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். காட்டை வெட்டித் தோட்டம் போடத் தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினார்கள். வந்தது தனி ஆளல்ல, குடும்பம். கணவன், மனைவி, குழந்தை என்று மூன்று பேருக்கும் வேலை, மூன்று பேருக்கும் மூன்று விதக் கூலி. சாதியும் ஆணாதிக்கமும் இங்கே ஏற்கெனவே இருந்தவைதான். துரைமார்கள் அவற்றைக் கண்டுபிடிக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஏற்றினார்கள்.

மூணாறில் ஒரு குன்றின் மேல் ஓர் இளம் ஆங்கிலேயப் பெண்ணின் கல்லறை இருக்கிறது. தோட்ட அதிகாரி ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட்டின் மனைவி எலினார், மணமாகி வந்த சூட்டோடு 1894 டிசம்பரில் காலராவில் இறந்தார். இந்த இடத்தின் அழகில் மயங்கி, இறந்தால் தன்னை இங்கேயே புதைக்க வேண்டும் என்று அவர் சொன்னதாக மூணாறில் கதை சொல்வார்கள். தேவாலயம் எழுந்தது அதற்கும் பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான். கல்லறை முந்தியது, கோயில் பிந்தியது. மனம் கனக்கும் கதை. அதே காய்ச்சல்களிலும் காலராவிலும் மடிந்த தமிழ்ப் பெண்களுக்கு இப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை. யாருடைய மரணம் துக்கம், யாருடைய மரணம் ஆள் குறைவு என்பதையும் அந்த ஒழுக்கமே தீர்மானித்தது.

துரைசாணி வேலை செய்தால் துரைக்கு அவமானம். கூலிக்காரி வேலை செய்யாவிட்டால் துரைக்கு நஷ்டம். ஒரே தோட்டத்தில் இரண்டு பெண்மைகள். கைக்குழந்தையை மரத்தடித் தூளியில் விட்டுவிட்டு வந்தவளிடம் தாய்மையின் புனிதம் பற்றி யாரும் பேசவில்லை.

ஒழுக்கத்தின் பின்கட்டு

திருமணமாகாத இளைஞர்களையே தோட்டங்களுக்கு உதவி அதிகாரிகளாக அனுப்புவது பிரிட்டிஷ் கம்பெனிகளின் பொதுவான வழக்கம். கல்யாணம் செய்யப் பல இடங்களில் மேலதிகாரியின் அனுமதி தேவை. இதன் விளைவு என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத விஷயமாக இருந்தது. காலனி நாடுகளில் உள்ள அதிகாரிகள் உள்ளூர்ப் பெண்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1909-ல் காலனிகள் அமைச்சர் குரூ பிரபு சுற்றறிக்கை அனுப்பினார். அந்தச் சுற்றறிக்கை அரசு அதிகாரிகளைத்தான் கட்டுப்படுத்தியது. தோட்டத் துரைகள் அரசு ஊழியர்கள் அல்ல.

இப்படிப் பிறந்த குழந்தைகளுக்காக 1900-லேயே காலிம்போங்கில் ஜான் ஆண்டர்சன் கிரஹாம் என்ற பாதிரியார் ஒரு விடுதி தொடங்க வேண்டியிருந்தது. வடகிழக்குத் தேயிலைத் தோட்டத் துரைகளின் பிள்ளைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு அங்கே வளர்ந்தார்கள். அந்தத் தாய்களின் உணர்ச்சியைப் பற்றி எழுத ஆட்சியாளர்களின் கோப்புகளில் இடமில்லை.

இடம் கொடுத்தது இலக்கியம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சீரழிந்த மருதியின் கதையைப் புதுமைப்பித்தன் 1930-களிலேயே 'துன்பக்கேணி'யில் எழுதினார். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆகத் தமிழுக்கு வந்தது. பாலாவின் 'பரதேசி' (2013) படத்துக்கும் அதுவே அடிப்படை. இந்த எழுத்துகளில் பெண் இரண்டு முறை தண்டிக்கப்படுகிறாள். முதலில் துரையாலோ கங்காணியாலோ, பிறகு 'கெட்டுப்போனவள்' என்று சொல்லும் சொந்த ஜனங்களால்.

பிரிட்டிஷார் எழுதிய 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்திலும் இந்த மனப்போக்கு பதிந்திருந்தது. 497-ஆம் பிரிவின்படி, இன்னொருவன் மனைவியோடு உறவு கொள்பவன் குற்றவாளி. கணவன் சம்மதித்திருந்தால் குற்றமில்லை! அதாவது காயம் கணவனுடைய உரிமைக்கு. மனைவியின் சம்மதம் கணக்கிலேயே வரவில்லை. கேரளத்தைச் சேர்ந்த ஜோசப் ஷைன் தொடுத்த வழக்கில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 158 ஆண்டு வாழ்ந்தது அந்தப் பிரிவு.

மூன்று வயிறு, ஒரு கணக்கு

வெள்ளைக்காரர்கள் போன பிறகும் கணக்குப் புத்தகம் மூடப்படவில்லை. குறைந்தபட்சக் கூலியை எப்படி நிர்ணயிப்பது என்று 1957-ல் இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு சூத்திரம் வகுத்தது. தொழிலாளர் நலனில் மைல்கல் என்று பாராட்டப்படும் சூத்திரம் அது. ஒரு குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகுகள், அதற்குச் சம்பாதிப்பவர் ஒருவர். மனைவி, குழந்தைகளின் வருமானத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. 1877-ல் பிரிட்டிஷ் தொழிற்சங்கம் கேட்ட அதே குடும்பக் கூலி.

தோட்டங்களில் அதுவும் கிடைக்கவில்லை. இங்கே மனைவியும் வேலைக்கு வருகிறாளே, ஆகவே ஒரு தொழிலாளிக்கு மூன்று அலகு எதற்கு, ஒன்றரை போதும் என்று தோட்ட முதலாளிகள் தரப்பு வாதாடியது. பெண்ணுக்குக் குறைந்த கூலி தரும்போது, ஆண்தானே குடும்பத்தைக் காப்பாற்றுகிறான் என்ற வாதம். குடும்பத்துக்கே கூலியைக் குறைக்கும்போது, பெண்ணும்தானே சம்பாதிக்கிறாள் என்ற வாதம். எப்படிப் புரட்டினாலும் காசு ஒரே பக்கம்தான் விழுந்தது.

1976-ன் சமச் சம்பளச் சட்டம், ஒரே வேலைக்கோ ஒரே தன்மையுள்ள வேலைக்கோ ஆண், பெண் பேதமின்றி ஒரே கூலி என்றது. 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. ஆனால் வேலையையே ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்துவிட்டால் சட்டம் எதை எதோடு ஒப்பிடும்? மருந்தடிப்பவருக்கு ஒரு கூலி, காய் எடுப்பவருக்கு வேறு கூலி என்றால் அது பேதமல்ல, வேலைப் பிரிவு.

இதே முடிச்சை இங்கிலாந்துப் பெண்கள் அவிழ்க்கத் தொடங்கியது 1968-ல். டாகன்ஹாம் ஃபோர்டு தொழிற்சாலையில் கார் இருக்கைகளுக்கு உறை தைத்த 187 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுடையது திறமை தேவைப்படாத வேலை என்று கம்பெனி வகைப்படுத்தியிருந்தது. தைக்கத் தெரிவது பெண்ணின் இயல்பாம்! அந்தப் போராட்டம் 1970-ல் பிரிட்டனின் சமச் சம்பளச் சட்டத்துக்கு வழிவகுத்தது. ஆனால் தையல் ஒரு திறமை என்று கம்பெனி ஒப்புக்கொண்டதோ 1984-ல், மீண்டும் ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. ஏலக்காய் எடுப்பதும் திறமை என்று சொல்ல சக்குபள்ளத்தில் இன்னும் யாரும் வரவில்லை.

கேள்வி கேட்டால் நடத்தை கெட்டவள்

1888 ஜூலையில் லண்டன் பிரையன்ட் அண்டு மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமிகளும் வெளிநடப்புச் செய்தார்கள். அற்பக் கூலி, அதிலும் அபராதம், தாடை எலும்பை அரிக்கும் பாஸ்பரஸ். அவர்களுடைய நிலையைப் பத்திரிகையில் அம்பலப்படுத்தியவர், பிற்காலத்தில் அடையாறைத் தன் ஊராக்கிக்கொண்ட அன்னி பெசன்ட். வெளியாட்கள் தூண்டிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டியது 'டைம்ஸ்' பத்திரிகை. பெண்கள் ஒரு மாதத்துக்குள் வென்றார்கள்.

பெசன்ட்டுக்கு ஒழுக்கத்தின் சவுக்கு புதிதல்ல. குடும்பக் கட்டுப்பாடு பற்றிய சிறு நூலை வெளியிட்டதற்காக 1877-ல் நீதிமன்றம் ஏறியவர் அவர். அதையும் அவருடைய நாத்திகத்தையும் காரணம் காட்டி, மகள் மேபலை அவரிடமிருந்து பிரித்துத் தந்தையிடம் ஒப்படைத்தார்கள். கருத்துச் சொன்ன பெண் நல்ல தாயாக இருக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

127 ஆண்டுகள் கழித்து, 2015 செப்டம்பரில், மூணாறு வீதிகளில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் உட்கார்ந்தார்கள். போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதுதான் தீப்பொறி. தொழிற்சங்கத் தலைவர்களை, பெரும்பாலும் ஆண்களை, பக்கத்தில் அண்ட விடவில்லை. 'பொம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். வீட்டில் ஆண்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் போனஸ் பிரச்சினை தீர்ந்தது. அடுத்துக் கூலிக்காக நடந்த போராட்டத்தின் முடிவில் தேயிலைத் தோட்டத் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆகவும், ஏலத்தோட்டக் கூலி 330 ஆகவும் உயர்ந்தது. மூணாறு பெண்கள் தெருவில் உட்கார்ந்ததால் ஏலமலைப் பெண்களின் கையிலும் கூடுதலாகச் சில நோட்டுகள் சேர்ந்தன.

இங்கும் வெளியாட்கள் தூண்டுதல் என்ற பேச்சு உடனே எழுந்தது. அடுத்த அம்பு வரக் கொஞ்ச நாள் பிடித்தது. 2017 ஏப்ரலில் அப்போதைய மாநில அமைச்சர் ஒருவர், போராட்ட நாட்களில் அந்தப் பெண்களின் நடத்தை எப்படி இருந்தது என்று மேடையில் மறைமுகமாகக் கொச்சைப்படுத்தினார். பெண்கள் மறுபடி தெருவில் உட்கார்ந்தார்கள். அமைச்சர் வருத்தம் தெரிவித்தார். போனஸ் கேட்ட பெண்ணுக்குப் பதில் சொல்ல முடியாதபோது அவளுடைய நடத்தையைக் கேள்வி கேட்பது, 1877-லும் சரி, 2017-லும் சரி, எல்லோருக்கும் கைகொடுக்கும் உபாயமாக இருந்திருக்கிறது.

சட்டம் ஏறாத ஜீப்

மூணாறும் சக்குபள்ளமும் ஒரே மாவட்டம்தான், ஆனால் ஒரே உலகமல்ல. அங்கே பெரிய கம்பெனி, லயங்கள், ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள். இங்கே பெரும்பாலும் சிறு தோட்டங்கள். மத்தியத் திருவிதாங்கூரிலிருந்து மலையேறி வந்து காட்டோடு மல்லுக்கட்டிய குடியேற்றக் குடும்பங்களின் நிலங்கள் பல. அந்த வீட்டுப் பெண்களும் தோட்டத்தில் உழைக்கிறார்கள், அவர்களுக்குக் கூலியே கிடையாது.

1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் எல்லாவற்றையும் கட்டாயமாக்கியது. ஆனால் 1981 திருத்தத்துக்குப் பிறகும் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டமோ, பதினைந்து பேருக்குக் குறைந்த ஆட்களோ அதன் வரம்புக்குள் வரவில்லை. காலையில் வந்து மாலையில் திரும்பும் பெண்ணுக்கு லயமும் இல்லை, காப்பகமும் இல்லை. தோட்டத்தில் ஒதுங்க ஒரு மறைவிடமாவது இருக்கிறதா என்பது அந்தந்த முதலாளியின் மனசைப் பொறுத்தது. வெட்கத்தையே பெண்ணின் அணிகலனாகப் போற்றிய ஒழுக்கம், கழிப்பறை கட்டும் செலவைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

அதே சட்டம் இரவு ஏழு முதல் காலை ஆறு வரை பெண்களை வேலை வாங்கக் கூடாது என்றது. விக்டோரியா காலத் தொழிற்சாலைச் சட்டங்களின் வாரிசு இது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பு, பெண்ணின் சம்மதத்தோடும் பாதுகாப்பு ஏற்பாடுகளோடும் இரவு வேலைக்கு இடம் கொடுத்தது. இருட்டில் புறப்படும் ஜீப்பைப் பற்றிய அக்கறை இரண்டிலும் போதவில்லை. 2023 ஆகஸ்டில் வயநாடு மாவட்டம் மானந்தவாடி அருகே தேயிலைத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்து ஒன்பது பெண்கள் இறந்தார்கள். தோட்டத்துக்குள் அவர்களுடைய நேரத்தை மணிக்கணக்கில் அளக்கத் தெரிந்தவர்களுக்கு, வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் உள்ள மணி நேரங்கள் கண்ணில் படுவதில்லை.

எல்லை தாண்டி வேலைக்கு வருவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது, இந்த ஏலத்தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பலர் பயந்துபோய்க் காட்டுப் பாதை வழியாகத் தேனி மாவட்டத்துக்கு இறங்கி ஓடினார்கள். பெண்கள் அவமதிக்கப்பட்டதாக வந்த செய்திகள் தமிழ்நாட்டில் கொதிப்பை உண்டாக்கின. இரண்டு மாநிலத்திலும் பேசப்பட்டது பெண்களின் மானம். பெண்களின் கூலியைப் பற்றிப் பேச அந்தக் கொதிப்பில் யாருக்கும் நேரமில்லை.

பெண்ணின் மானத்தைக் காப்பதில் சட்டமன்றத்திலிருந்து சங்கம் வரை எல்லோருக்கும் உற்சாகம் இருக்கிறது. காய் எடுப்பதைத் திறமையான வேலை என்று கூலிப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது, ஜீப்பில் போகும் நேரத்தை வேலை நேரமாக எண்ணுவது, சிறு தோட்டங்கள் நாலைந்து சேர்ந்து ஒரு காப்பகமும் கழிப்பறையும் கட்டுவது ஆகிய மூன்றுக்கும் அந்த உற்சாகத்தில் கால் பங்கு போதும். அந்தக் காலமெல்லாம் மலையேறிப்போச்சு என்று கீழே சமவெளியில் சொல்லிக்கொள்ளலாம். மலையில் இருப்பவர்கள் அதை எங்கே அனுப்புவது?